முப்பத்திரண்டாவது தகடு

கவர் இருக்கட்டும் மேடம், எங்கயும் ஓடிடாது. முதல்ல இதுக்குப் பதில் சொல்லுங்க பார்ப்போம். முப்பத்தொரு பேரு வரிசையா நிக்கிறாங்க. எல்லாரும் கிராமத்துக்கே உழைச்சு ஓடாத் தேஞ்சவங்களாம். ஆனா ஒருத்தர் காலுலயும் பொட்டுச் சேறு கிடையாது. அது என்ன?

யோசிங்க, யோசிங்க. அந்த ஸ்டூல்ல உக்காந்துக்கிட்டே யோசிங்க... பார்த்து, அதுக்கு ஒரு கால் ஆடும்... என்ன, தெரியலையா? உங்க முதுகுக்குப் பின்னாலதான் மேடம் இருக்கு! இந்தப் பலகை! உங்க சங்கத்தோட கௌரவப் பலகை! மூணு நாளா என் சுவத்துல சாஞ்சு நின்னுக்கிட்டு உயிரை வாங்குது. விருது குடுக்கறது நீங்க, கைதட்டறது ஊரு. வருஷா வருஷம் இதைக் கழட்டி, துடைச்சு, புதுத் தகடு செதுக்கி மாட்டறது மட்டும் நானு. மேடையில ஒரு நாற்காலி போட்டிருப்பாங்களா எனக்கு? மைக் செட்டுக்காரனுக்குக்கூட நன்றி சொல்றாங்க மேடம்!

நீங்க செயலாளரா வந்து ரெண்டு மாசம்கூட ஆகல. இந்த விருதோட வரலாறு உங்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டாங்க. வெள்ளிவிழா மலர் படிச்சீங்களா? அட போங்க, அது பூரா பூசி மெழுகினது. நிஜ வரலாறு இங்க இருக்கு, தகடு தகடா.

ஆரம்பிச்சது நம்ம மில்லுக்காரரு. கிராமத்து மேல தணியாத பாசம்னு மலர்ல போட்டிருக்கும். பாசமாவது, மண்ணாவது! ஒரு மழைநாள்ல அவரு காரு இந்த வட்டாரத்துலயே கடைசி ஊருக்குப் பக்கத்துல சேத்துல மாட்டிக்கிச்சு. ஊரே திரண்டு வந்து தள்ளிவிட்டுது. கார் வெளிய வந்ததும் மனுஷனுக்குக் கண்ணு கலங்கிடுச்சாம். "இந்த ஜனங்களுக்கு நான் ஏதாவது செஞ்சே ஆகணும்"னு நடுச்சேத்துல நின்னு சொன்னாராம். எல்லாரும் ரோடு போடுவாருன்னு பார்த்தாங்க. விருது போட்டாரு. அதுக்கப்புறம் அந்த ஊர்ப்பக்கம் அவரு போகவே இல்ல. எப்படிப் போவாரு? ரோடு இல்லையே!

இதோ, முதல் தகடு. யாரு தெரியுமா? மில்லுக்காரரோட சகலை. என்ன சேவைன்னு கேளுங்க. பஸ் நிக்கிற இடத்துல ஒரு பெஞ்சு போட்டாரு. அதுல உபயம்னு தன் பேரை இவ்வளவு பெருசா எழுதி வச்சாரு. ஈரப் பெயிண்ட்ல உக்காந்தவங்க முதுகுல எல்லாம் அவரு பேரு. நாலு ஊருக்கு விளம்பரம்!

ரெண்டாவது தகடு, தபால்காரரு. இவரு நெசமாவே பெரிய மனுஷன், தப்பா சொல்லக்கூடாது. பதினோரு ஊருக்கு நடந்தே போவாரு. ஆனா பாருங்க, விழா வச்ச அன்னைக்கும் தபால் இருந்துச்சு. அவரு வரல. சங்கத்துல என்ன பண்ணாங்க? விருதைத் தபால்ல அனுப்பிட்டாங்க. அவரே தூக்கிட்டுப் போயி, அவரு வீட்டுக் கதவை அவரே தட்டி, அவரே கையெழுத்துப் போட்டு வாங்கிக்கிட்டாரு! ... சிரிக்காதீங்க மேடம், சத்தியமா!

ஒன்பதாவது, வாசகசாலை திறந்த அதிகாரி. காலையில திறந்தாரு, சாயங்காலம் பூட்டினாரு, சாவியோட மாத்தலாகிப் போயிட்டாரு. பதினாலாவது, ஏரியைக் காத்தவரு. சுத்தி முள்வேலி போட்டுக் காத்தாரு. மாடுங்க வேலிக்கு வெளிய நின்னு தண்ணியைப் பார்த்துட்டுப் போகும்.

அப்புறம் இந்தப் பட்டம்! முதல்ல சும்மா "கிராமத் தொண்டர்"னு இருந்துச்சு. அழகா, அளவா. அப்புறம் "ஊரகத் தொண்டுச் செம்மல்". இப்ப "ஊரக மக்கள் நலத் தொண்டு மாமணி". மாமணியாம்! தகட்டுல முக்கால்வாசி பட்டமே தின்னுடுது. வாங்கினவங்க பேரை நான் எறும்பு சைஸ்ல செதுக்கறேன். இருபத்தேழாவது ஆளு தன் பேரைத் தேடிக் கண்டுபிடிக்க லென்ஸ் கேட்டாரு மேடம்.

சரி சரி, கவர்... இருங்க, வர்றேன். இன்னொரு விஷயம் சொல்லாம எப்படி? உங்க சங்கத்து வழக்கம் ஒண்ணு இருக்கு. சனிக்கிழமை சாயங்காலம் கூட்டம் போட்டு ஆளைத் தேர்ந்தெடுப்பாங்க. ஞாயித்துக்கிழமை காலையில விழா. நடுவுல நான் தகட்டை அறுத்து, தேச்சு, எழுத்தை வெட்டி, கறுப்பு மை ரொப்பி, மண்ணெண்ணெய் போட்டுத் துடைச்சு, வார்னிஷ் அடிக்கணும். மை காயவே ஒரு நாள் வேணும். மனுஷனால ஆகிற காரியமா? அதனால நான் என்ன பண்ணுவேன்... வியாழக்கிழமையே செதுக்கிடுவேன்.

ஆமா. கூட்டத்துக்கு முன்னாடியேதான். ஏன் இப்படிப் பார்க்கறீங்க? யாருக்குக் குடுக்கப் போறாங்கன்னு டீக்கடையில உக்காந்தாலே தெரிஞ்சுடுமே. இருபது வருஷம் ஒரு தடவைகூடத் தப்பல. இந்த வருஷமும் முடிச்சாச்சு. இதோ, இந்தத் துணிக்கு அடியில இருக்கு. வார்னிஷ் அடிச்சு, பளபளன்னு. இனிமே யாரும் மாத்த முடியாது. பித்தளை மேடம்! சிலேட்டா என்ன, எச்சி தொட்டு அழிக்க? வெட்டினது வெட்டினதுதான். உங்க கவர்ல என்ன எழுதியிருந்தாலும்...

ஐயோ, தொடாதீங்க, விரல் பட்டா தடம் விழும்... ஏன் திருப்பறீங்க?

... ம்.

ஆமா. பின்பக்கம் காலிதான்.

எங்க அக்காவும் இப்படித்தான் திருப்பிப் பார்த்துச்சு. நீங்க ரெண்டாவது ஆளு. முப்பது வருஷத்துல பத்துப் பதினஞ்சு தலைவருங்க வந்து போயிட்டாங்க, ஒருத்தருக்கும் தகட்டுக்குப் பின்பக்கம்னு ஒண்ணு உண்டுன்னு தோணல. எங்க அக்கா நர்ஸு. ஆளை முன்னாடி பார்த்தா போதாது, புரட்டிப் பார்க்கணும், படுக்கைப்புண்ணு முதுகுலதான் வரும்னு சொல்லும்.

சொல்லிடறேன். எவ்வளவு நாள்தான் மென்னு முழுங்கறது... அந்த இருபத்தொண்ணாவது தகட்டைப் பாருங்க. டிராக்டர் கடைக்காரரு. பதினோரு வருஷம் ஆச்சு. அவருக்குத்தான்னு ஊரே சொல்லிச்சு, நானும் வியாழக்கிழமை வெட்டிட்டேன். சனிக்கிழமை சாயங்காலம் தலைவரு இங்க வாசல்ல வந்து நிக்கிறாரு, மூச்சு வாங்குது. "தம்பி, மாறிப்போச்சு! உங்க அக்காவுக்குக் குடுக்கறதா முடிவு!"ங்கறாரு. கமிட்டி ஆளுங்க ஒன்பது பேருல ஒன்பது பேரும் கை தூக்கியிருக்காங்க. பின்ன? மழையில, வெயில்ல, ஓடையில இடுப்பளவு தண்ணியில பெட்டியைத் தலையில வச்சுக்கிட்டுப் போயி பிரசவம் பார்த்த பொம்பள.

திருப்பிப் போட்டா அரை மணி நேர வேலை. மை காயணும்னு அவசியமே இல்ல, வெறும் வெட்டோட மாட்டியிருக்கலாம். ஆனா அன்னைக்கு மச்சினன் வீடு குடிபோறான். நான் சட்டையை மாத்தியாச்சு, சம்சாரம் ஆட்டோவுல உக்காந்தாச்சு. "பித்தளை சார், அழிக்க முடியாது"ன்னேன். அந்த வாய்தான்... அந்த மனுஷனும் அப்பாவி, "அப்படியா தம்பி, சரி, நர்ஸுக்கு அடுத்த வருஷம் பார்ப்போம்"னு போயிட்டாரு. மறுநாள் டிராக்டர் கடைக்காரரு மாலையைப் போட்டுக்கிட்டு நின்னாரு. எங்க அக்கா மூணாவது வரிசையில உக்காந்து கைதட்டுச்சு.

விஷயம் எப்படியோ காதுக்குப் போயிடுச்சு. ஒரு வாரம் கழிச்சு நேரா இங்க வந்துச்சு. பலகையில அந்தத் தகட்டைக் காட்டி, "கழட்டுடா"ன்னுச்சு. கழட்டினேன். திருப்பிச்சு. விரலால தடவிப் பார்த்துச்சு. "காலியாத்தான்டா இருக்கு"ன்னுச்சு. அவ்வளவுதான். போயிடுச்சு. பதினோரு வருஷம் மேடம்! விசேஷத்துக்கு வரும், போகும், எங்கூட ஒரு வார்த்தை கிடையாது. என் பொண்ணுகிட்ட, "உங்கப்பனைத் தள்ளி உக்காரச் சொல்லு, காத்து வரல"ன்னு சொல்லும். நான் பக்கத்துலயேதான் உக்காந்திருப்பேன்!

அடுத்த வருஷம் செதுக்கியிருக்கலாமேன்னு கேக்கறீங்க, அதானே? அதுலதான் கூத்து. அடுத்த வருஷம் புதுத் தலைவரு வந்தாரு. கூட்டத்துக்கு முன்னாடியே எனக்குப் போன். "தகட்டுல யாரு பேருப்பா? முன்னாடியே சொல்லிடு, போன தடவை மாதிரி சங்கடம் வேணாம்." புரியுதா? அன்னையிலேருந்து விருதுக்கு ஆள் எடுக்கறது சங்கம் இல்ல, நானு! நான் வெட்டறேன், அவங்க கை தூக்கறாங்க. பத்து வருஷமா! அதுல ஆறு பேரு தங்கமானவங்க, நெஞ்சைத் தொட்டுச் சொல்றேன். ரெண்டு பேருக்குப் பேரு சின்னது, வேலை சுளுவு. ஒருத்தரு எனக்கு வலிக்காம பல்லு பிடுங்கினவரு. இன்னொருத்தரு... அதை விடுங்க.

அக்கா பேரைப் போட எனக்குக் கை வரல. "தம்பி போட்ட பிச்சை"ன்னு சொல்லிடுமோன்னு பயம். சொல்லும் மேடம், அதுக்கு வாய் அப்படி. சரி, அடுத்த வருஷம், அடுத்த வருஷம்னு தள்ளிக்கிட்டே வந்தேன். இப்ப இந்த மாசக் கடைசியில அதுக்கு ரிட்டையர்மென்ட். இதை விட்டா வேற வருஷம் கிடையாது. அதனாலதான் வியாழக்கிழமை உக்காந்தேன். பட்டத்தை எறும்பு சைஸ்ல வெட்டினேன், பேரைப் பெருசா வெட்டினேன். முப்பது வருஷத்துல இவ்வளவு நல்லா எழுத்து விழுந்ததே இல்ல. வெளிச்சத்துல பிடிச்சுப் பாருங்க. வளைவைப் பாருங்க!

நேத்து அக்கா பொண்ணுக்குப் போன் போட்டேன். "ஞாயித்துக்கிழமை உங்கம்மாவை முன்வரிசையில உக்கார வை, நல்லா உடுத்திக்கிட்டு வரச் சொல்லு"ன்னேன். பின்னாலேருந்து குரல் கேட்டுச்சு. "வர்றேன்னு சொல்லு அவன்கிட்ட." என்கிட்ட சொல்லச் சொல்லிச்சு மேடம்! பேரை வச்சு இல்ல, சரி, "அவன்"னுதான். இருந்தாலும் அது எனக்குன்னு அனுப்பின வார்த்தை. பதினோரு வருஷத்துல முதல் வார்த்தை.

அதனால கவரைக் குடுங்க, அதுலயும் அக்கா பேருதான் இருக்கும். வேற யாரு இருக்கா? உங்க பட்டியல் எனக்குத் தெரியும். மூணே பேரு. அக்கா, விதை ஆபீசரு, அப்புறம் நீங்களா சேர்த்தீங்களே, கடைசி ஊர்ல தண்ணித்தொட்டிக்கு மோட்டார் போடற ஆளு. சுவிட்ச் தட்டறதுக்கெல்லாம் மாமணியா? நம்ம ஒன்பது பேரும் கூட்டத்துல...

என்னது? கூட்டமே நடக்கலையா?

கூட்டத்துக்குப் பதிலா நீங்களே போயிக் கேட்டீங்களா? யாருகிட்ட? ... கடைசி ஊருக்கே போனீங்களா? பஸ்ஸுல போயி, மிச்சத்தை நடந்தா? ... பள்ளிக்கூடத்துல... ரெண்டாம் வகுப்புக் குழந்தைகிட்டயா? சேவை யாருக்கோ அவங்கதான் சொல்லணும்னு... அது சரி, அது நியாயம்தான், நியாயம் இல்லன்னு யாரு சொன்னா, முப்பத்திரண்டு வருஷத்துல யாருக்கும் தோணாத நியாயம்தான். ஆனா மேடம்! எங்க அக்கா நர்ஸு! ஊசி போடற நர்ஸு! அந்த ஊர்ல பொறந்த அத்தனை குழந்தைக்கும் முதல் ஊசி எங்க அக்கா கையாலதான்! பெட்டியோட எங்க அக்கா தெருமுனையில திரும்பினாலே பிள்ளைங்க பரண்ல ஏறிக்கும்! அந்தக் குழந்தைகிட்ட போயி... ஒரு பெரியவங்களைக் கேட்டிருக்கக் கூடாதா? அந்தக் குழந்தையோட அம்மாவைக் கேட்டிருந்தா, அழுதுக்கிட்டே சொல்லியிருப்பாளே!

என்ன மேடம், எழுந்துட்டீங்க. பஸ்ஸுக்கு நேரமாச்சா. சரி. குடுங்க. கண்ணாடி எங்க வச்சேன்... நெத்தியிலதான் இருக்கா. கையெழுத்து நல்லா இருக்கு உங்களுக்கு. வாத்தியாரம்மா கையெழுத்து.

"மாணவி, ரெண்டாம் வகுப்பு. வயசு ஏழு. மூணு போட்டோவும் காட்டப்பட்டது. உங்க ஊருக்கு யாரு ரொம்ப நல்லது செஞ்சாங்கன்னு கேட்கப்பட்டது. முதல் போட்டோ, நர்ஸ். மாணவி ரெண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டாள். ரெண்டாவது போட்டோ, விதை அதிகாரி. யாருன்னு தெரியலைன்னு சொன்னாள். மூணாவது போட்டோ, மோட்டார் போடறவர். மாணவி அதை எடுத்துக்கொண்டாள்."