படத்தில் இல்லாத கல்யாணம்

என் பெயர் ராதோய் குட்சரோவ். தகப்பனார் பெயர் மின்ச்சோ. வயது அறுபத்தொன்று. பல்கேரியாவில் ரூசே நகரம், துறைமுகத் தெரு, 'நங்கூரம்' திரையரங்கின் மாடியில் குடியிருக்கிறேன். அரங்கு எனக்குச் சொந்தம். இதே வாசலில் சூரியகாந்தி விதைப் பொட்டலம் விற்றுத்தான் நான் தலையெடுத்தேன். இயக்குநர் நாய்டென் ஷிப்கலியேவ், விமர்சகர் லுபோமிர் வித்தானோவை என் அரங்கில் பூட்டி அடைத்து வைத்தார் என்ற வழக்கில் என்னை விசாரிக்க, நான் சொல்வதாவது:

யாரும் பார்க்காமல் தோற்றுப்போன பழைய படங்களை நான் வாங்கி, ஞாயிற்றுக்கிழமை மதியக் காட்சியாகப் போட்டு வருகிறேன். படம் தொடங்குமுன், அந்தக் காலத்தில் அதைக் கிழித்து எழுதிய விமர்சனத்தை மேடையில் வாசிக்கச் சொல்வேன். வாசலில் ஒரு பெட்டி நிறைய மாட்டுமணி இருக்கும். விமர்சகர் சொன்ன குற்றம் திரையில் வரும்போது கூட்டம் மணியை ஆட்ட வேண்டும். விமர்சனம் எவ்வளவு மோசமோ அவ்வளவு கூட்டம். நல்லது என்று எழுதிய படத்தை நான் தொடுவதில்லை.

வாசிப்பவர் பெரும்பாலும் வித்தானோவ்தான். தலைநகர் வார இதழில் அவர் எழுதியதைப் படித்து வயிறு வலிக்கச் சிரித்தவர்கள் ஊர் முழுக்க இருக்கிறார்கள். கூட்டுப்பண்ணைப் பன்றிகளைப் பற்றிய பாட்டுப் படம் ஒன்றுக்கு, "இதில் நடிக்கத் தெரிந்தது பன்றி மட்டும்தான், அதையும் பாடவிட்டுக் கெடுத்துவிட்டார்கள்" என்று எழுதியவர் அவர். வாசித்து முடித்ததும் வாசல்கூடத்துக்குப் போய் ராக்கியாச் சாராயத்தோடு உட்கார்ந்துவிடுவார். உள்ளே இருக்க மாட்டார். பார்த்த படத்தை மறுபடி எதற்குப் பார்க்க வேண்டும் என்று நானும் நினைத்திருந்தேன்.

சென்ற ஞாயிறு 'அக்கரைக் கம்பளி' என்ற படம் போட்டேன். பழைய ஆட்சியில் எடுத்தது. வித்தானோவின் விமர்சனம் வந்த வாரமே அரங்கிலிருந்து தூக்கிவிட்டார்கள். எடுத்தவருக்கு அதன் பிறகு படமே கிடைக்கவில்லை. வித்தானோவ் மேடையேறி அந்த விமர்சனத்தை வாசித்தார். அதில், "படகுத்துறையில் நடக்கும் கல்யாணம் முடிவதற்குள் மணப்பெண்ணுக்கே நரை விழுந்துவிடும்" என்று ஒரு வரி வந்தபோது கைதட்டல் அடங்க நேரமாயிற்று. அதன் பிறகு அவர் வெளியே போனார். நான் மேலே ஆபரேட்டர் அறைக்குப் போய்ப் படத்தை ஓட்டினேன். சுருள் மாற்றுவது என் வேலைதான்.

நடிப்புக்கு மணி அடித்தார்கள், இசைக்கு அடித்தார்கள். பிறகு எல்லோரும் மணியைத் தூக்கிப் பிடித்தபடி கல்யாணத்துக்குக் காத்திருந்தார்கள். படம் முடிந்து விளக்குப் போட்டேன். கல்யாணம் வரவில்லை.

பல் கட்டும் கடை வைத்திருக்கும் த்சோன்கா எழுந்து, "என்ன ராதோய், கல்யாணச் சாப்பாடு போடணும்னு பயந்து வெட்டிட்டீங்களா?" என்று கத்தினாள். குறைச் சரக்கை விற்றவன் என்ற பெயர் என் தொழிலுக்கு ஆகாது. சுருள்களை வரிசையாகச் சரிபார்த்தேன். ஒன்றும் விடுபடவில்லை. அதன் பிறகு கீழே இறங்கி, வித்தானோவை உள்ளே கூப்பிட்டு, "ஐயா, கல்யாணம் எந்த இடத்துல வரும்?" என்று கேட்டேன்.

அவர் பதில் சொல்வதற்குள், பின்வரிசையில் இருந்த ஒரு பெரியவர் எழுந்து, "வராது. அதை நான் எடுக்கவே இல்ல" என்றார். அவரை எனக்குத் தெரியும். ரயில் நிலையத்துக்கு எதிரே பாஸ்போர்ட் படம் எடுத்துக் கொடுப்பவர். என் படத்தையும் அவர்தான் எடுத்தார். அவர்தான் ஷிப்கலியேவ் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

"திரைக்கதையில கல்யாணம் இருந்துச்சு. அந்த வருஷம் ஆத்துல வெள்ளம் வந்து படகுத்துறையே போயிடுச்சு. அதனால எடுக்கல. படத்தைப் பார்த்திருந்தா இவருக்குத் தெரிஞ்சிருக்கும்."

வித்தானோவ் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். "பத்திரிகை வியாழக்கிழமையே அச்சுக்குப் போயிடும். படம் வெள்ளிக்கிழமைதான் காட்டுவாங்க. ஸ்டுடியோ திரைக்கதையை அனுப்பும், அதை வச்சு எழுதுவோம். எல்லாரும் அப்படித்தான் எழுதினோம்" என்றார்.

"பன்றிப் படத்தையுமா?" என்று த்சோன்கா கேட்டாள். அரங்கில் ஒரு மணிகூட ஆடவில்லை. இந்த மனிதரின் நாக்கை நம்பித்தான் நான் சரக்கு பிடிக்கிறேன்.

அதன் பிறகு பாதிப் பேர் வாசல்கூடத்துக்குப் போய்விட்டார்கள். அப்போது ஷிப்கலியேவ் பெரிய கதவைச் சாத்தி, எப்போதும் உள்பக்கப் பூட்டிலேயே தொங்கும் சாவியைத் திருப்பி, எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். இதை நான் மறைக்கவில்லை.

"தம்பி ராதோய், மறுபடி போடு" என்றார்.

"பெரியவரே, இது நல்லாயில்ல. கதவைத் திறங்க."

"இவரைத் திட்ட நான் வரல. நாப்பது வருஷமா என் படம் மோசம்னு இவர் சொன்னதை நம்பிக்கிட்டு இருக்கேன். மோசமா இல்லையான்னு பார்த்தவர் ஒருத்தர் சொல்லணும்."

"நாங்க பார்த்தோமே?" என்றாள் த்சோன்கா.

"நீங்க மணி அடிக்க இடம் பார்த்தீங்க, அம்மா."

அதன் பிறகு நான் மேலே போய் முதல் சுருளை மாட்டினேன். ஏன் போலீசைக் கூப்பிடவில்லை என்று கேட்டதற்கு, அவர் கையில் ஆயுதம் இல்லை, தொப்பி மட்டும்தான் இருந்தது என்று பதில் சொல்கிறேன். வித்தானோவ் சொல்லப்போவதைக் கேட்க எனக்கும் ஆசை இருந்தது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

இந்த வழக்குக்கு முக்கியமானது இனி நான் சொல்வது. என் அரங்கில் திரைக்குப் பக்கத்தில் அவசரக் கதவு ஒன்று உண்டு. உள்ளேயிருந்து தள்ளினால் திறக்கும், அதற்குப் பூட்டே கிடையாது. அது பின்முற்றத்துக்குப் போகும். ஆபரேட்டர் அறையின் பின் ஜன்னலும் அந்த முற்றத்தைப் பார்த்துத்தான் இருக்கிறது. படம் பாதி ஓடியபோது வித்தானோவ் அந்தக் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்து சிகரெட் பற்றவைத்ததை என் கண்ணால் பார்த்தேன். அவருடைய கார் பக்கத்திலேயே நின்றது. அவர் அதன் கூரைமேல் சாய்ந்துதான் புகைத்தார். சிகரெட் பாதி இருக்கும்போதே உள்ளே பாட்டுச் சத்தம் மாறியது. அவர் அதைக் கீழே போட்டு மிதித்துவிட்டு, அவசரமாக உள்ளே போனார். முன்பு இருந்ததைவிட இரண்டு வரிசை முன்னால் போய் உட்கார்ந்தார்.

ஒருத்தி ஆற்றில் செத்தவனுடைய கம்பளியைத் துவைத்துப் பிழியும் இடம் வந்தது. யாரோ கைதவறி ஒரு மணியை விட்டுவிட, "சும்மா இருய்யா!" என்று அதட்டியது வித்தானோவின் குரல்.

படம் முடிந்தது. நான் இறங்கி வந்தேன். ஷிப்கலியேவ் நடைவழிப் படியில் உட்கார்ந்து, தொப்பியை முழங்காலில் மாட்டியிருந்தார். "சொல்லுங்க" என்றார்.

"நல்ல படம் இல்ல, நாய்டென். நடுவுல ரொம்ப இழுக்குது. படகுக்காரனா வர்றவனுக்குக் கையை எங்க வைக்கறதுன்னே தெரியல."

"என் மச்சான். வேற ஆள் கிடைக்கல."

"கடைசியில அந்த இசை வேண்டாத சுமை."

"மேலிடத்துல போடச் சொன்னாங்க."

"கம்பளி பிழியற இடத்துல முகத்தைக் காட்டாம கையை மட்டும் காட்டினீங்க பாருங்க..." வித்தானோவ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அதை நான் எழுதியிருக்கணும்."

ஷிப்கலியேவ் சாவியை என் கையில் கொடுத்தார். அது சூடாக இருந்தது. அதன் பிறகு நான் கதவைத் திறந்தேன். வெளியே வித்தானோவின் மருமகன், வக்கீல் அசெனோவ், போலீசோடு நின்றிருந்தார். மாமனாரைச் சாப்பாட்டுக்கு அழைத்துப்போக வந்தவர் கதவு பூட்டியிருந்ததைப் பார்த்துப் புகார் கொடுத்திருக்கிறார். பெரியவரைக் கூட்டிப்போனார்கள். வித்தானோவ், "நிறுத்துங்க, நிறுத்துங்க" என்று சொல்லிக்கொண்டே ஜீப்வரை பின்னால் நடந்தார்.

நேற்று வித்தானோவ் என் அரங்குக்கு வந்து, கையால் எழுதிய புதிய விமர்சனம் ஒன்றைக் காட்டினார். குறைகள் எல்லாம் அப்படியே இருக்கின்றன. கல்யாணம் இல்லை. வரும் ஞாயிறு அதே படத்தைப் போட்டு இதை வாசிக்க வேண்டும் என்றார். பார்த்துவிட்டு எழுதிய விமர்சனத்துக்குக் கூட்டம் வருமா என்று எனக்குத் தெரியாது. ஆனாலும் சுவரொட்டி அடிக்கக் கொடுத்துவிட்டேன். எழுதியது யாருக்காகவோ அவர் லாக்கப்பில் இருந்தால் வாசிக்க மாட்டேன் என்கிறார் வித்தானோவ். ஆகையால் ஷிப்கலியேவை அதற்குள் விட்டுவிடக் கேட்டுக்கொள்கிறேன். பின்வரிசையில் அவர் இடத்தை யாருக்கும் கொடுக்கவில்லை. பூட்டிலிருந்த சாவியை இதோடு ஒப்படைக்கிறேன். அரங்கில் இனி அது தேவைப்படாது.

நான் சொன்னதை எழுதி எனக்கு வாசித்துக் காட்டினார்கள். கண்டதையும் கேட்டதையும் தவிர இதில் வேறு எதுவும் சேரவில்லை என்று ஒப்புக்கொண்டு கையெழுத்திடுகிறேன்.

ராதோய் குட்சரோவ்