ஒரே திசை பார்த்த திருகுகள்

நான் ஓர் அறைக்குள் நுழைந்தால், அங்கிருப்பவர்களுக்கு வணக்கம் சொல்வதற்கு முன் சுவரில் மாட்டியிருக்கும் படங்களை நேராக்கிவிடுவேன். இளமையிலிருந்தே வந்த வழக்கம் இது. வாசலில் இறைந்து கிடக்கும் செருப்புகளை இணை சேர்த்து, நுனிகள் ஒரே கோட்டில் நிற்குமாறு வைப்பேன். திருமண வீடுகளில் இதனால் எனக்கு நல்ல பெயர் உண்டு. இழவு வீடுகளிலும் உண்டு.

"உங்க கண்ணுக்கு நானே கொஞ்சம் சாஞ்சுதான் தெரியறேனோ என்னவோ," என்பாள் என் மனைவி. நான் மறுத்ததில்லை.

விசாரணைக் குழுவினராகிய நீங்கள் இதைப் பொறுமையோடு கேட்க வேண்டும். நடந்தவற்றுக்கெல்லாம் வேர் இதுதான்.

தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு நான் மேலாளர். மருத்துவம் படித்தவனல்லன். தரையின் பளபளப்பும், திரைச்சீலைகளின் மடிப்பும், பிரிவின் அமைதியும் என் பொறுப்பு. என் காலத்தில் அங்கே எல்லாம் ஒழுங்குக்கு வந்தன, ஒன்றைத் தவிர. அது கட்டிலின் தலைமாட்டில், நோயாளியின் கைக்கு அருகே, கம்பத்தில் பொருத்தியிருந்த ஒரு பட்டை. மருந்தைத் தள்ளும் இயந்திரங்களிலிருந்து ஒரே நரம்பின் வழியே பல மருந்துகளை ஏற்றுவதற்காக, குழாயைத் திறந்து மூடும் சின்னஞ்சிறு திருகுகளை அதில் வரிசையாக இணைத்திருப்பார்கள். ஒவ்வொரு திருகுக்கும் ஒரு கைப்பிடி உண்டு. ஒன்று மேலே பார்க்கும். அடுத்தது கீழே பார்க்கும். அதற்கடுத்தது மறுபடி மேலே. பல் விழுந்த சீப்பைப் போல இருக்கும். போதாக்குறைக்கு, ஒவ்வொரு குழாயிலும் மூத்த செவிலியர் தம் கையால் மருந்தின் பெயரை எழுதி ஒட்டியிருப்பார். எழுத்துகள் ஒன்று பெரிது, ஒன்று சிறிது. நான் அவற்றை உரித்தெடுப்பேன். அவர் மறுபடி ஒட்டுவார்.

அந்தச் செவிலியரைப் பற்றி நான் குறை சொல்ல மாட்டேன். பணிக்கு வந்தவுடன், மருந்துப் புட்டியில் தொடங்கி நோயாளியின் கைவரை ஒவ்வொரு குழாயையும் விரலால் தடவிக்கொண்டே வருவார். பார்ப்பவர்களுக்கு ஏதோ வீணை மீட்டுவதுபோல் இருக்கும்.

ஒரு முறை, மூலைக் கட்டிலில் இருந்த பெண்மணியின் திருகுகள் அனைத்தையும் நான் மேல்நோக்கித் திருப்பி வைத்தேன். காண அழகாக இருந்தது. செவிலியர் வந்து பார்த்துவிட்டு, அவற்றைப் பழையபடி வைத்தார். பிறகு என்னைத் தாழ்வாரத்துக்கு அழைத்துச் சென்றார்.

"சார், இது என்ன ஜன்னல் கதவா, எல்லாத்தையும் ஒரே பக்கம் சாத்தி வைக்க? மேல பாத்தா அந்த மருந்து அடைச்சிருக்கு, கீழ பாத்தா ஓடுது. அந்தம்மாவுக்கு ஓடினது வெறும் உப்புத்தண்ணி, அதனால பொழச்சோம். வேற மருந்தா இருந்தா?"

"மெஷின் கத்துமே, சிஸ்டர்?"

"கத்தும். ஆனா தள்ளுறதை நிறுத்தாமக் கொஞ்ச நேரம் தள்ளிட்டுத்தான் கத்தும். அதுவரைக்கும் தேங்கின மருந்து குழாய்க்குள்ள முட்டிக்கிட்டு நிக்கும். அப்போ போய்ப் படார்னு திறந்தீங்கன்னா, மொத்தமும் ஒரே மூச்சுல உள்ள போயிடும். உங்களுக்கு அழகு வேணும்னா பூந்தொட்டி வாங்கி வைங்க சார். நானே தண்ணி ஊத்தறேன்."

அந்த உரையாடலுக்கு முன் எனக்கு ஒன்றும் தெரியாது. அதற்குப் பின் எல்லாம் தெரியும். இந்த வேறுபாட்டை நீங்கள் முக்கியமாகக் கருதுவீர்கள் என்பதால் குறிப்பிடுகிறேன்.

ஊழியர்களுக்கான பயிற்சி வகுப்பில் நான் கதை சொல்வது உண்டு. அந்த வாரம் நானே புனைந்த ஒன்றைச் சொன்னேன். ஓர் ஏரியிலிருந்து ஐந்து மதகுகள் வழியே குளத்துக்குத் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. சில மதகுகள் திறந்திருந்தன, சில மூடியிருந்தன. காவலுக்கு வந்த கொக்கு இந்தப் பாரபட்சத்தைப் பொறுக்காமல் எல்லா மதகுகளையும் சமமாக மூடியது. எந்த மதகுக்கும் மனக்குறை இல்லை. பறவைகள் கூடி வந்து கொக்கைப் பாராட்டின.

"மீன் என்ன சார் ஆச்சு?" என்று கேட்டார் செவிலியர்.

கதையில் மீன் வரவில்லை என்று விளக்கினேன். வகுப்பில் சிலர் காரணமின்றிச் சிரித்தார்கள்.

இனி, அந்த நாளுக்கு வருகிறேன். தரச் சான்றிதழ்க் குழுவினர் பிரிவைப் பார்வையிட வந்தார்கள். வாசலுக்கு அருகிலிருந்த கட்டிலில் ஒரு பேருந்து ஓட்டுநர் படுத்திருந்தார். கிருமி இரத்தத்தில் கலந்து, அழுத்தம் தாழ்ந்துபோய் வந்தவர். அதைத் தாங்கிப் பிடிக்கும் மருந்து இரண்டாவது திருகின் வழியே ஓடிக்கொண்டிருந்தது. உடல் தேறி வந்தது. அவர் மனைவி காலையில் என்னிடம் மகிழ்ச்சியோடு சொன்னார்:

"ஐயா, இன்னைக்குக் கண்ணைத் தொறந்து பேசிட்டாரு. என்ன கேட்டாரு தெரியுமா? 'என் வண்டியை எவன் ஓட்டுறான்?'னு கேட்டாரு. நான் எப்படி இருக்கேன்னு கேக்கத் தோணல பாருங்க."

குழுவினர் நுழைந்ததும் முதலில் காணப்போவது அந்தக் கட்டிலைத்தான். நான் கைப்பிடிகள் அனைத்தையும் மேல்நோக்கித் திருப்பினேன். பெயர் ஒட்டிய தாள்களையும் உரித்தேன். சற்று நேரத்தில் இயந்திரம் கத்தியது. ஒலியை நிறுத்தும் பொத்தானை அழுத்தினேன். மற்றச் செவிலியர்கள் யாரும் அருகில் இல்லை. விருந்தினரை வரவேற்க அவர்களை வாசலில் உயர வரிசைப்படி நிறுத்தியிருந்தேன்.

மூத்த செவிலியர் மட்டும் வரிசையைக் கலைத்துக்கொண்டு ஓடி வந்தார்.

"சார், பி.பி. இறங்குது. என்ன பண்ணினீங்க?"

அவர் கை திருகை எட்டுவதற்குள், மருந்து அலமாரியின் சாவியைக் குழுத் தலைவர் கேட்பதாகச் சொல்லி அழைப்பு வந்தது. சாவி செவிலியரிடம்தான் இருந்தது.

"நீங்க போங்க சிஸ்டர், நான் பாத்துக்கறேன்," என்றேன்.

"முதல்ல மெஷினை நிறுத்துங்க சார். குழாயில தேங்கினதை வெளியேத்தணும், அதுக்கு டாக்டரைக் கூப்பிடுங்க. அவசரப்பட்டுத் திறந்துடாதீங்க. சாவியைக் குடுத்துட்டு இதோ வந்துடறேன்."

ஆகட்டும் என்றேன். பிறகு நான் மருத்துவரை அழைக்கவில்லை. குழுவினர் அந்தக் கட்டிலைக் கடக்கும்வரை காத்திருந்தேன். அவர்கள் விரைவில் கடக்கவில்லை. செவிலியரையோ குழுத் தலைவர் அலமாரி அருகே கேள்வி கேட்டு நிறுத்திவைத்திருந்தார். ஒருவர் அந்தப் பட்டையைச் சுட்டிக்காட்டி, "பாருங்க, எவ்வளவு நேர்த்தி," என்று மற்றவரிடம் சொன்னார். ஓட்டுநரின் உதடுகள் நிறம் மாறுவதை நான் கவனித்தேன். அவர்கள் நகர்ந்ததும், இயந்திரத்தை நிறுத்தாமலேயே, எல்லாக் கைப்பிடிகளையும் ஒன்றாகக் கீழ்நோக்கித் திருப்பினேன். அப்போதும் அவை ஒரே திசையில்தான் இருந்தன. தேங்கியிருந்த மருந்து முழுவதும் ஒரே மூச்சில் உள்ளே போயிற்று. மூளையில் இரத்தக் குழாய் வெடித்ததாகப் பின்னர் மருத்துவர் சொன்னார். மாலைக்குள் ஓட்டுநர் இறந்தார்.

முதல் விசாரணையில், "திருகுகள் மூத்த செவிலியரின் பொறுப்பு," என்று மட்டும் சொன்னேன். விதிப்படி அது சரியான வாக்கியம். அவர் நடந்ததைச் சொன்னார். சாட்சிக்கு வந்த தரச் சான்றிதழ்க் குழுவினர் தாம் கண்ட நேர்த்தியை நினைவுகூர்ந்து என் பக்கம் பேசினார்கள். நிர்வாகம் செவிலியரைப் பணியிலிருந்து நிறுத்தியது. தாழ்வாரத்தில் ஓட்டுநரின் மனைவி அவரை மறித்து, "என் தாலியை அறுத்துட்டு நீ நல்லா இருப்பியாடி?" என்று கேட்டார். செவிலியர் என்னைப் பார்த்தார். நான் அறிவிப்புப் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பின் ஏன் இப்போது சொல்கிறேன் என்று கேட்பீர்கள். அந்தச் செவிலியருக்குப் பதிலாக வந்தவர்கள் சரியில்லை. குழாய்கள் பின்னிக்கொண்டு கிடக்கின்றன. எதையும் எவரும் தடவிப் பார்ப்பதில்லை. பிரிவு அலங்கோலமாகிவிட்டது. என்னால் தாங்க முடியவில்லை. அவர் திரும்பி வர வேண்டும். அதற்கு வேறு வழியில்லை என்று கண்டேன்.

ஆகவே, நேற்று ஓட்டுநரின் வீட்டுக்குப் போய் அவர் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என்னை ஏசவில்லை.

"அப்போ அந்தப் பொண்ணை நான் சபிச்சேனே," என்றார். செவிலியரின் முகவரியை என்னிடம் கேட்டார். அடுப்பை அணைத்தார். என்னை உள்ளே விட்டுவிட்டுப் படியிறங்கிப் போனார்.

பின்தொடர்ந்து சென்றேன். செவிலியரின் வீட்டு வாசலில், கதவு திறந்ததும், ஓட்டுநரின் மனைவி குனிந்து காலைத் தொடப் போனார். செவிலியர் பதறி அவரைத் தூக்கி நிறுத்தினார்.

"அம்மா, என்ன இது? எழுந்திருங்க."

"என் வாயை எதுல கழுவுறதுன்னு தெரியலம்மா. நான் விட்ட சாபத்தை நானே எடுத்துக்கறேன். நாளைக்கு விசாரணைக்கு உன்கூட வரேன். அந்த வராந்தாவுல எத்தனை பேரு காதுபடச் சொன்னேனோ, அத்தனை பேரு முன்னாடியும் நீ பண்ணலன்னு சொல்லுறேன்."

இருவரும் படியில் அமர்ந்து அழுதார்கள். முந்தானை மண்ணில் புரண்டது, தலைமுடி கலைந்தது. வெளியே காத்திருக்கும் அவ்விருவரையும் இப்போது நீங்கள் அழைக்கலாம்.

அந்த அம்மையார் செய்த பிழை ஒரே ஒரு சொல். அதற்கே அவ்வளவு கதறல். நானோ ஒரு மனிதரைக் கொன்றேன், தெரிந்தே செய்தேன். அதை ஒரு சொட்டுக் கண்ணீர் சிந்தாமல், குரல் நடுங்காமல், தொடக்கம் முதல் முடிவுவரை வரிசை குலையாமல் உங்களிடம் சொல்லி முடித்திருக்கிறேன். என் வருத்தம் எவ்வளவு ஆழமானது என்பதை இதைக் கொண்டே நீங்கள் மதிப்பிடலாம்.