காற்று ஆகாத உயிர்கள்

ஜன்னலைச் சாத்தச் சொல்லட்டுமா அய்யா? ஜவ்வரிசி ஆலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்குத் திப்பி நாற்றம் குமட்டும். எங்களுக்கு அதுதான் சோறு போட்ட மணம். மரவள்ளிக் கிழங்கை அரைத்து மாவை எடுத்த பிறகு மிஞ்சுகிற சக்கைதான் திப்பி. ராசிபுரத்தைச் சுற்றி அதை மாட்டுக்குப் போடுவார்கள். அதை வைத்து லாரி ஓட்டலாம் என்று நான் சொன்னேன். ஊரே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது.

சிரித்தவர்களைக் குறை சொல்ல மாட்டேன். சக்கையில் ஒட்டியிருக்கும் மாவை வேகவைத்துச் சர்க்கரைத் தண்ணீராக்கி, மூடிய தொட்டியில் பாக்டீரியாவுக்குக் கொடுத்தால், அது தின்று புளிக்கவைத்து எரிபொருளாகத் திருப்பித் தரும் என்றால் யார்தான் நம்புவார்கள்? ஒரே நிபந்தனை, நான் வளர்த்த இனத்துக்குக் காற்று ஆகாது. பட்டால் செத்துவிடும். முன்பு ஒருமுறை யாரோ மூடியைத் திறந்துவைத்து மொத்தமும் கெட்டுப்போனது. அன்று பிள்ளையைப் பறிகொடுத்தவன்போல் அழுதேன், அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. நாமக்கல் பக்கத்தில் பிறந்தும் முட்டை தொடாதவன் நான். எனக்குக் கொஞ்சம் இளகிய மனசு.

மாதையன் என் அப்பா காலத்திலிருந்து ஆலையில் இருந்தவர். நல்ல மனிதர். அவரிடம் இருந்த குறை பழக்கதோஷம் ஒன்றுதான். மாவுப்பால் தெளிகிற தொட்டிகள் எல்லாம் திறந்த தொட்டிகள். எங்காவது அடைத்துக்கொண்டால் யாரையும் கேட்காமல் வேட்டியை மடித்துக் கட்டி உள்ளே இறங்கிவிடுவார்கள். அப்படி இறங்கி இறங்கியே தலை நரைத்தவர் அவர். புதுத் தொட்டியையும் இன்னொரு மாவுத் தொட்டியாகவே நினைத்துவிட்டார்.

அன்று காலை புதுத் தொட்டிக்குள் சுழலும் கலக்கியில் திப்பி சுற்றிக்கொண்டு, கலக்கி நின்றுவிட்டது. மறுநாள் எரிபொருளைப் பார்க்கச் சென்னையிலிருந்து கம்பெனிக்காரர்கள் வருவதாக இருந்தது. அவர்கள் கைவிட்டால் ஆலையை மூட வேண்டியதுதான். எனக்கு உதவத்தான் அவர் இறங்கினார். அதை நான் என்றைக்கும் மறுக்க மாட்டேன்.

நான் போனபோது தொட்டியின் மூடி திறந்து கிடந்தது. காற்று உள்ளே போய்க்கொண்டிருந்தது. எனக்குப் பதறிவிட்டது. ஓடிப்போய்ச் சாத்தினேன்.

"ஏனுங்க மொதலாளி, நானு உள்ள இருக்கறனுங்க" என்று குரல் வந்தது.

"தெரியுது மாதையா. சித்த பொறுத்துக்க சாமி" என்றேன்.

பிறகு திருகாணிகளை முடுக்கினேன். அவர் தட்டினார். மரியாதை தெரிந்த மனிதர், கெட்ட வார்த்தை ஒன்றுகூடச் சொல்லவில்லை. தட்டுவதும் சீக்கிரம் குறைந்துவிட்டது.

மதியம் அவர் மனைவி பொன்னாயி தூக்குப்போசியில் சோறு கொண்டுவந்தார்.

"எங்கூட்டுக்காரரு எங்கீங்க?"

"செவ்வாய்ப்பேட்டைக்கு மூட்டையோட அனுப்பியிருக்கறன். வர நேரமாகும்."

அவர் முகம் வாடியதைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது. போசியை வைத்துவிட்டுப் போனார். சோற்றை வீணாக்கக் கூடாதென்று நானே சாப்பிட்டேன். கத்தரிக்காய்க் குழம்பு, உப்பு சற்றுத் தூக்கல்.

மறுநாள் வந்த கம்பெனிக்காரர்கள் காய்ச்சி இறக்கியதைப் பற்றவைத்துப் பார்த்தார்கள். சுத்தமாக எரிந்தது. பொன்னாடை போர்த்தினார்கள். அந்தத் தடவை விளைச்சல் வழக்கத்தைவிடக் கூடுதல். காரணத்தை நான் ஆராயவில்லை.

எதையும் மறைக்க எனக்கு விருப்பமில்லை அய்யா. அவர் உள்ளே இருப்பது தெரிந்துதான் மூடினேன். திறந்திருந்தால் பிழைத்திருப்பார் என்பதும் தெரியும். தனசேகர் என்று முழுப்பெயர் போட்டு எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஆனால் உங்கள் ஆட்கள் நேற்று கடப்பாரையால் மூடியைப் பெயர்த்து, அப்படியே திறந்து போட்டுவிட்டுப் போனார்களே. காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். ஒருவர்கூடக் கேட்கவில்லை. உள்ளே கோடிக்கணக்கில் உயிர் இருந்தது. அந்தக் கொலைக்கு யார்மேல் வழக்குப் போடப் போகிறீர்கள்?