ஒரு சிலிண்டர் காற்று

வெயில் எவ்வளவு காய்ந்தாலும் கிணற்றில் இடுப்பளவுக்குக் கீழே தண்ணீர் ஜில்லென்றுதான் இருக்கும், ஐயா. மேல்தண்ணீரைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் குதிக்கிறவனுக்கு மூச்சு முட்டும். எனக்கு முட்டாது. இருபத்திரண்டு வருஷமாகக் கிணற்றில் முங்கித்தான் என் வீட்டில் உலை கொதிக்கிறது.

என் பெயர் சவுரிராயன். கோலியனூருக்குத் தெற்கே காலனியில் வீடு. பம்புசெட்டுக் குழாயின் அடியில் புட்வால்வு என்று ஒன்று இருக்கும். அதில் சேறு அடைத்துக்கொண்டால் மோட்டார் ஓடும், தண்ணீர் ஏறாது. அப்போது என்னைக் கூப்பிடுவார்கள். ஐந்து ஆள் ஆழம் முங்கி, குழாயைக் கால்களால் கவ்விக்கொண்டு, கையால் சேற்றைத் தோண்டி எடுத்துவிட்டு வருவேன். கண்டமங்கலம் வரைக்கும் எனக்கு ஈடாக முங்குகிற ஆள் கிடையாது. பெருமைக்குச் சொல்லவில்லை, நீங்கள் எழுதிக்கொள்வதற்காகச் சொல்கிறேன்.

ஊர்ப் பண்ணைக்காரர் துரைக்கண்ணுவின் கிணற்றில் மட்டும் முப்பது தடவைக்கு மேல் இறங்கியிருக்கிறேன். அதே கிணற்றில் என் பிள்ளைகள் கால் நனைத்தால் செருப்பு பறக்கும். நான் வேலை முடித்துக் கரையேறியதும் அவர் மோட்டாரைப் போட்டு ஒரு மணி நேரம் தண்ணீரை மல்லாட்டை பயிரிட்ட கொல்லைக்கு ஓடவிடுவார். அதன் பிறகுதான் வீட்டுக்குக் குடிக்க எடுப்பார்கள். என் உடம்பு பட்ட தண்ணீராம். நான் சரிபண்ணிக் கொடுத்த மோட்டாரை வைத்தே என்னை இறைத்துக் கொட்டினார். ஒரு மனிதனுக்கு வயிறு எரியுமா எரியாதா என்று நீங்களே சொல்லுங்கள்.

ஆனாலும் கூப்பிட்டால் போவேன். கூலி ஒரு காரணம். இன்னொன்று, அடியில் எனக்கு ஒரு சுகம் உண்டு. வேலை முடிந்த பிறகும் குழாயைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா இருப்பேன். மேலே "டேய் சவுரி" என்று தொண்டை கிழியக் கத்தினாலும் அங்கே கேட்காது. கெண்டைக் குஞ்சுகள் முழங்காலைக் கொத்தும். வெளிச்சம் பச்சையாக இறங்கும். என் பெண்சாதி செண்பகத்திடம்கூட இதைச் சொன்னதில்லை. உலகத்தில் எனக்கென்று சொந்தமாக இருந்தது அந்தக் கொஞ்ச நேரம்தான்.

இந்த வருஷம், எண்பத்தாறு தை மாசம், துரைக்கண்ணுவின் மகன் தேவநாதன் மெட்ராசிலிருந்து லீவில் வந்தான். துறைமுகத்தில் கப்பலுக்கு அடியில் முங்கி வேலை பார்க்கிறவன். முதுகில் கட்டுகிற காற்று சிலிண்டர், கண்ணாடி, இடுப்பில் கட்டும் ஈயக்கட்டி எல்லாம் கொண்டுவந்திருந்தான். நல்ல பையன், அதையும் எழுதிக்கொள்ளுங்கள். அப்பன் எதிரிலேயே என்னை "அண்ணே" என்று கூப்பிட்டான். பெரியவர் முகம் சுண்டிப்போனது.

கிணற்று மேட்டில் உட்கார்ந்து பேசினான்.

"வெள்ளக்காரனுங்க துட்டு குடுத்துக் கடலுக்குள்ள முங்கறானுங்கண்ணே. எதுக்குத் தெரியுமா? சும்மா மீனப் பாத்துக்கினு மிதக்கறதுக்கு. அவ்ளோதான்."

"வேல ஒண்ணும் கெடயாதா, சின்னாண்டே?"

"ஒண்ணும் கெடயாது. எங்களுக்கும் அதான் புடிக்கும். வேல முடிஞ்சாலும் கொஞ்ச நேரம் அங்கயே கெடப்போம். மேலருந்து எவனும் கூப்புட முடியாது பாருங்க, அதாண்ணே சொகம். உங்களுக்கு அதெல்லாம் தெரியாது. மூச்சப் புடிச்சிக்கினு போயி ஜல்தியா ஓடியாந்துடறீங்க. நாளைக்கு வாங்க, உள்ள எப்பிடி இருக்கணும்னு நான் காட்டறேன்."

சிரித்துவைத்தேன். உள்ளே பற்றிக்கொண்டு எரிந்தது. நிலம் அவர்களுடையது, கிணறு அவர்களுடையது. அடியில் நான் ஒளித்துவைத்திருந்ததையும் எடுத்துக்கொண்டு, அதை எனக்கே சொல்லித் தருகிறேன் என்கிறான்.

மறுநாள் காலை பத்து மணிக்கு இரண்டு பேரும் இறங்கினோம். மேலே பெரியவர் மட்டும் நின்றார். அடிக்குப் போனதும் தேவநாதன் தன் வாயிலிருந்த காற்றுக் குழாயை எடுத்து என்னிடம் நீட்டினான். அவர்கள் தொழிலில் அப்படி ஒரு பழக்கம், கூட வந்தவனுக்கு மூச்சு வேண்டுமென்றால் ஒரே குழாயில் மாற்றி மாற்றி இழுப்பார்கள் என்று முன்னமே சொல்லியிருந்தான். தன் எச்சில் பட்டதை எனக்குக் கொடுத்தான். என் எச்சில் பட்டதை வாங்கி வாயில் வைத்துக்கொண்டான். அவன் வீட்டில் எனக்குத் தேங்காய்த் தொட்டியில்தான் தண்ணீர் ஊற்றுவார்கள். இரண்டு தடவை மாற்றிக்கொண்டோம். கண்ணாடிக்குள் அவன் கண்கள் சிரித்தன.

மூன்றாவது தடவை நான் திருப்பித் தரவில்லை.

பல்லால் கடித்துக்கொண்டேன். விளையாடுகிறேன் என்று நினைத்து, விரலால் வாயைச் சுட்டிக் காட்டினான். நான் அவன் முதுகுப் பக்கம் போய், பம்புக் குழாயைக் கால்களால் கவ்விக்கொண்டு, சிலிண்டர் வாரை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டேன். கையைப் பின்னால் வீசி என் முகத்தைப் பிறாண்டினான். வாரைக் கழற்ற அவனுக்குத் தோன்றவில்லை, அல்லது விரல் ஓடவில்லை. அதிக நேரம் ஆகவில்லை. அதன் பிறகும் நான் கொஞ்சம் அங்கேயே இருந்தேன். மீன்கள் திரும்பி வந்தன.

மேலே வந்து கத்தினேன். ஆட்கள் ஓடி வந்தார்கள். வாரில் கயிற்றைக் கட்டிவிட்டேன், அவர்கள் இழுத்தார்கள். சிலிண்டரில் கோளாறு என்று ஊரே சொன்னது. நீங்களும் அப்படித்தான் எழுதினீர்கள். நானும் விட்டிருப்பேன். இன்று பதினாறாம் நாள் காரியத்துக்கு ஆள் அனுப்பினார் துரைக்கண்ணு. கூடத்தில் இலை போட்டு உட்காரவைத்து, என் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"எம் புள்ளையக் காப்பாத்த எவ்ளோ பாடுபட்டிருப்ப, சவுரி. மூஞ்செல்லாம் கீறிக்கினு வந்தியேப்பா" என்று அழுதார்.

ஒரு பிள்ளை செத்தால்தான் அந்தக் கை நீளுமா? எனக்கு வந்த ஆத்திரத்தில் இலையைத் தள்ளிவிட்டு எழுந்து நேராக இந்த ஸ்டேஷனுக்கு வந்துவிட்டேன்.

கொலை என்றே எழுதிக்கொள்ளுங்கள். பெரியவர் மேல் இருந்த கோபம், அவர் தண்ணீரில் இறங்குகிறவர் இல்லை என்பதால் பையன் மேல் விடிந்தது என்று எழுதுங்கள், கைநாட்டு வைக்கிறேன். ஒன்றை மட்டும் தப்பில்லாமல் எழுத வேண்டும். நான் பிடித்திருந்தது வாரைத்தான். அந்தப் பையனை நான் தொடவே இல்லை, ஐயா.