மோதல் ஏதும் இல்லை

மார்ச் பன்னிரண்டாம் தேதி காலை, கட்டி முடியாத மருத்துவமனையின் இரண்டாம் தளத்தில் ஓர் உத்தரம் இடிந்து விழுந்தது. குழாய் பொருத்துபவர் ஒருவர் இறந்தார்.

நான் அப்போது வகுப்பெடுத்துக்கொண்டிருந்தேன். என் வகுப்புகள் நன்றாக இருக்கும். மாணவர்களைக் கேட்டுப் பாருங்கள். கட்டடத்தைத் தரையில் எழுப்பும் முன் கணினியில் முழுதாகக் கட்டிப் பார்ப்பதுதான் என் பாடம். பிம் என்போம். குழாய் உத்தரத்தில் முட்டினால் திரையில் அந்த இடம் சிவக்கும். அதைச் சரிசெய்த பிறகே வேலை தொடங்க வேண்டும்.

படித்தவர்களுக்கு வேலை கிடைக்கவில்லை என்று, பாடத்தைச் சீர்படுத்தும் பொறுப்பைப் பல்கலைக்கழகம் என்னிடம் கொடுத்தது. மாணவர்களைக் கட்டுமான இடத்துக்கே கூட்டிப்போனேன். திரையில் பார்த்ததை அங்கே டேப் வைத்து அளக்கச் சொன்னேன். இன்று நிறுவனங்கள் அவர்களைத் தேடி வருகின்றன.

ஒருவனை மட்டும் கூட்டிப்போகவில்லை.

அவன் அப்பா கட்டுமான முதலாளி. முன்பு, வேறொரு கட்டடத்தில், என் தம்பி அவரிடம் குழாய் வேலை பார்த்தான். குழாய்க்கு வழியில்லாத இடத்தில் உத்தரத்தைக் குடையச் சொன்னார்கள், குடைந்தான், அது அவன் மேல் விழுந்தது. பிணவறை வாசலில் முதலாளி என்னிடம், "யாரைக் கேட்டுங்க உங்க தம்பி துளை போட்டான்? எங்க வேலையே நின்னுபோச்சு," என்றார். பிறகு டிரைவரிடம் காரை நிழலில் போடச் சொன்னார்.

சில வருடம் கழித்து அவர் மகன் என் வகுப்பில் முதல் பெஞ்சில் வந்து உட்கார்ந்தான். பணிவான பையன்.

"சார், என்னோடதுல சிவப்பா கொட்டிக் கிடக்கு சார்."

"டாலரன்ஸ்னு இருக்கு பாரு, எவ்வளவு முட்டினா கண்டுக்கணும்னு. அதை இருநூறு மில்லிமீட்டராக்கு."

"எல்லாம் போயிடுச்சு சார்."

"அவ்வளவுதான். மிச்சத்தை சைட்ல பார்த்துக்குவாங்க."

நூறு மதிப்பெண் போட்டேன். எல்லாத் தேர்விலும் நூறு. மற்றவர்கள் உடம்பெல்லாம் தூசியோடு திரும்பி வந்து, "செஞ்சுரிக்கு மட்டும் ஏசி ரூமாடா மாப்ளே?" என்று ஓட்டுவார்கள். அவன் கூச்சத்தோடு சிரிப்பான். நான் யாருக்கும் மதிப்பெண்ணைக் குறைத்ததில்லை.

படிப்பு முடிந்ததும் அப்பாவின் நிறுவனத்தில் கணினி மாதிரிகளைச் சரிபார்ப்பது அவன் பொறுப்பானது. மருத்துவமனைக்கும் அவன் அறிக்கை, மோதல் ஏதும் இல்லை என்றது. குழாய்கள் வந்து இறங்கின. உத்தரம் குறுக்கே நின்றது.

அங்கே வேலை பார்க்கும் என் பழைய மாணவி, இடிவதற்கு முதல் நாளே போன் செய்தாள்.

"சார், உத்தரத்தைக் குடையப் போறாங்க. கேட்டா, சைட்ல பார்த்துக்குங்கன்னு சொல்றான். நீங்க சொன்னா கேப்பான் சார்."

"அது உன் வேலை இல்லம்மா," என்றேன்.

விழும் என்று எனக்குத் தெரியும். மகனுக்காக அந்த மனிதர் தலைகுனிந்து நிற்க வேண்டும், அதுதான் என் கணக்கு. அவர் நிற்கவில்லை. தொலைக்காட்சியில், "யாரைக் கேட்டு அந்தாளு துளை போட்டாரு?" என்றார். மகன் பக்கத்திலேயே நின்றான். அதனால்தான் ஸ்டேஷனுக்கு வந்திருக்கிறேன். தெரிந்தே தப்பாகக் கற்றுக்கொடுத்தேன். எழுதிக்கொள்ளுங்கள், அவனையும் விடாதீர்கள். என் பகை அவர்கள் இருவரோடு மட்டும்தான். வேறு யாருக்கும் நான் கெடுதல் நினைத்ததில்லை.

வெளியே பெஞ்சில் ஒருவர் இருக்கிறார். இறந்தவருடைய அண்ணனாம். நான் வந்ததும் நகர்ந்து இடம் கொடுத்தார். உட்கார்ந்துகொண்டேன்.