மூச்சு வாங்கிய ஊதல்

சாயங்காலம் ஆறேமுக்கால். ஏரிக்கரை ரோடு. ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் பூட்டிக் கிடக்கிற செங்கல் கிடங்கு... நடுவில் ஒரே ஒரு கார், விளக்கை அணைக்காமல் நிற்கிறது.

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். இது என்னோடு வேலை பார்க்கிற லிஃப்ட் மெக்கானிக்கின் அக்காவுக்கு நடந்தது. அவனுக்குப் பொய் வராது. சீட்டாட்டத்தில்கூடக் கையில் இருப்பதை முகத்திலேயே காட்டிவிடுவான்.

காரில் வந்தது அக்காவும் அவள் மகனும். ஒன்பது வயது. வீட்டில் எல்லோருக்கும் அவன் வாண்டு. அவனுக்கு மூச்சிழுப்பு உண்டு. அன்று பாதி வழியிலேயே இழுக்க ஆரம்பித்துவிட்டது. நெஞ்சுக்குள் விசில்... மெல்லிசாக ஏறி, உச்சியில் உடைகிற விசில். மருந்து ஸ்ப்ரேயை அழுத்தினாள். வெறும் காற்று. தீர்ந்துபோயிருந்தது. பையனை ரோட்டோரம் கிடத்தி, வாயோடு வாய் வைத்து ஊதினாள். ஆம்புலன்ஸ் வர முப்பத்தைந்து நிமிடம். அத்தனை நேரமும் அவனுக்கும் சேர்த்து மூச்சு விட்டது அவள்தான். வந்தவர்கள் இரண்டு பேராகச் சேர்ந்து அவளைப் பிடித்து இழுத்தார்கள். நிறுத்தினாள்.

அவ்வளவுதான்.

அதன் பிறகு அவள் நடைப்பிணம். கண்ணாடிக் கடையில் லென்ஸ் வெட்டுகிற வேலைக்குப் போவாள், வருவாள். ஐந்து வயதில் ஒரு பெண் குழந்தையும் இருந்தது. அதற்குத் தலை வாரிவிடுவாள், சோறு ஊட்டுவாள். முகத்தை மட்டும் பார்க்க மாட்டாள். கைக்கு ஏதாவது வேலை கொடுங்கள் என்று டாக்டர் சொன்னதைக் கேட்டு, கணவர் அவளை ஒரு களிமண் வகுப்பில் சேர்த்துவிட்டார். சனிக்கிழமைதோறும் மத்தியானம் மூன்று மணிக்கு.

ஆறாவது வாரம் டீச்சர் ஊதல், அதாவது மண் விசில், செய்யச் சொன்னார். இரண்டு சின்னக் கிண்ணம் பிடித்து, விளிம்பைக் கீறி, களிக்கூழ் தடவி ஒட்ட வேண்டும். உள்ளே பொந்து. ஒரு முனையில் வாய் வைக்க மூக்கு. ஐஸ் குச்சியைச் செருகிக் காற்றுக்கு வழி எடுக்க வேண்டும். அந்தக் காற்று போய் ஒரு கூரான விளிம்பில் பிளக்கும். பிளந்தால்தான் சத்தம். மண் ஈரமாக இருக்கும்போதே ஊதிப் பார்த்துவிட வேண்டும்.

எல்லோரும் ஊதினார்கள். ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் செய்தது குக்கர் மாதிரி அலறியதில் வகுப்பே சிரித்தது. அக்கா ஊதினாள்.

சத்தமில்லை.

குச்சியை மறுபடி செருகி வழியைச் சரிசெய்தாள். விளிம்பைச் சீவினாள். ஊதினாள். இல்லை. டீச்சர் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு குறையும் தெரியவில்லை. தானும் ஊதிப் பார்த்து, சட்டென்று வாயை எடுத்துவிட்டார்.

"காத்து உள்ள போகுதுங்க. வெளிய வரவே மாட்டேங்குது."

உடைத்துவிட்டு மறுபடி செய்யலாம் என்றார். அக்கா கேட்கவில்லை. திரும்ப வாயில் வைத்து நீளமாக ஊதினாள். உதட்டை எடுக்காமலே அடுத்த மூச்சை இழுத்தாள்...

அப்போது வந்தது சத்தம். மெல்லிசாக ஏறி, உச்சியில் உடைந்தது. கூடவே நாக்கில் சூடாக ஒரு காற்று. இருமல் மருந்தும் புளித்த பாலும் கலந்த வாடை.

எந்தத் தாய்க்கு அது தெரியாது?

அவள் அதைச் சூளையில் வைக்கக் கொடுக்கவில்லை. ஈரத்துணியில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுபோனாள். மூன்று வாரம் ஆகியும் அது காயவில்லை. துணி காய்ந்து விறைத்துப்போனது. ஊதல் மட்டும் உதடு மாதிரி ஈரமாகவே இருந்தது.

காலையில் ஒரு மணி நேரம், வேலைவிட்டு வந்து ஒரு மணி நேரம், குளியலறைக் கதவைச் சாத்திக்கொள்வாள். வாண்டுக்கு நடந்ததிலிருந்து அந்த வீட்டில் எல்லோருமே வாராவாரம் ஊதி மூச்சின் பலத்தை அளக்கிற மீட்டர் ஒன்று இருந்தது. அதில் அவள் அளவு வாரத்துக்கு வாரம் இறங்கியது. எக்ஸ்ரே எடுத்தால் நுரையீரல் பளிங்கு மாதிரி சுத்தமாக இருந்தது. மாடி ஏற முடியவில்லை. பேச்சு பாதியில் நின்றது. டாக்டர் கையை விரித்துவிட்டார்.

காரணத்தைச் சொன்னது அந்தச் சின்னப் பெண்தான். சாப்பிட்டுக்கொண்டே சாதாரணமாகச் சொன்னது.

"அப்பா, அம்மா கதவைச் சாத்திக்கிட்டு அண்ணாவுக்கு ஊதுறாங்க."

கணவர் போய்க் கதவைத் தட்டினார். ஊதலைப் பிடுங்கி எறியத்தான் போனார். அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள், உதடு நீலம் பாய்ந்து.

"அன்னிக்கு நிறுத்தினது நான்தாங்க... அவன் இன்னும் வாங்கிக்கிட்டுதான் இருந்தான்."

அவருக்குக் கை எழவில்லை. வெகுநேரம் கழித்து அவரும் அதை வாங்கி உதட்டில் வைத்து ஒரு மூச்சு இழுத்தார். பிறகு அதை மார்போடு அணைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். எறியவில்லை. அதற்கப்புறம் அந்த வீட்டில் இரண்டு பேர் ஊதினார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை. நல்ல வெயில். வீட்டில் அரவமே இல்லை. சின்னவளைக் காணோமென்று தேடினார்கள். குளியலறையில் முக்காலிமேல் நின்றுகொண்டிருந்தாள். வாயில் ஊதல். கன்னம் இரண்டும் ஒட்டிப்போய்க் கிடந்தன. கண் பிதுங்கியிருந்தது. இரண்டு கையும் கீழே தொங்கின...

ஊதலை யாரும் பிடித்திருக்கவில்லை.

அப்பா பாய்ந்து இழுத்தார். வரவில்லை. மண் வழுக்கியதே தவிர உதட்டை விடவில்லை. குழந்தையின் விரல் நுனி கறுத்துக்கொண்டே வந்தது. அக்கா அவரைத் தள்ளிவிட்டு மண்டியிட்டாள். ஐந்து மாதத்தில் முதல்தடவையாக மகளின் முகத்தை நேருக்கு நேர் பார்த்தாள். ஊதலின் துளைக்குப் பக்கத்தில் வாயைக் கொண்டுபோனாள்.

"தங்கச்சிடா அது... விட்டுடு. அம்மாகிட்ட வா."

விட்டது.

குழந்தை சுருண்டு விழுந்து இருமியது. அந்த இருமல் கேட்டபிறகுதான் அப்பாவுக்குப் போன உயிர் திரும்பியது. அக்கா ஊதலை வாயில் வைத்தாள். இந்தத் தடவை ஊதவில்லை. இழுத்தாள். அந்த விசில் ஏறியது... ஏறிக்கொண்டே போனது... உடையவே இல்லை. நிற்கிற வரைக்கும் இழுத்தாள். பிறகு வாயை இறுக மூடிக்கொண்டு இரண்டு கையாலும் ஊதலை நசுக்கினாள். விரலிடுக்கில் பிதுங்கி வந்தது வெறும் களிமண்.

அன்றே அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். சின்னவளுக்கு ஒன்றுமில்லை, இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். அக்கா மட்டும் கண் திறக்கவில்லை. மூக்கையும் வாயையும் மூடி ஆக்சிஜன் மாஸ்க். நம் மெக்கானிக் பகலில் துணைக்கு உட்காருவான். ஒரு நாள் நர்ஸ் வந்து மூச்சை எண்ணினாள். கைக்கடிகாரத்தைப் பார்த்து மறுபடி எண்ணினாள். மூச்சை எண்ணுகிற மிஷின் இரண்டு மடங்கு காட்டுகிறது, சரியில்லை போலிருக்கிறது என்று வேறு மிஷின் மாட்டினாள். அதிலும் அதே கணக்குதான் வந்தது. அதை எழுதிக்கொண்டு போய்விட்டாள்.

அப்புறம்தான் அவன் கிட்டே போய்க் குனிந்து பார்த்தானாம்.

அக்காவின் மார்பு ஏறி இறங்கும். மாஸ்க்கில் ஆவி படிந்து மறையும். பிறகு மார்பு அசையாமல் கிடக்கும். அந்த இடைவெளியில்... மாஸ்க்கின் உள்பக்கம், இன்னொரு தடவை ஆவி படியும்.

சின்னதாக.