பரிவட்டம் யார் தலையில்

கொஞ்சம் நிமிந்து உக்காருங்க. ஒரு சின்னக் கதை சொல்லிட்டு அப்புறம் விஷயத்துக்கு வர்றேன். சினிமாக் கதைதான்... ஆனா திரைக்கு வெளியில நடந்தது.

ஒரு ஊரு. பேரு வேண்டாம். வெள்ளைக்காரன் போயி கொஞ்ச வருஷத்துல, அந்த ஊருக் கோயில்ல பெரிய நகைக் கொள்ளை. காவலுக்கு இருந்தவரு இருளப்பன். சாவியைக் குடுன்னு கேட்டிருக்கானுங்க. குடுக்கலை. வாசல்லயே அவரை வெட்டிப் போட்டுட்டு, கதவை உடைச்சு அள்ளிட்டுப் போயிட்டானுங்க. விடிஞ்சதும் ஊரே கூடி அழுதுச்சு. அழுததோட விடலை. அந்த வருஷத் திருவிழாவுல, இருளப்பன் மகன் தவசியாண்டியை, அஞ்சு வயசுப் பய, சாமி முன்னாடி தூக்கி நிறுத்தி, சாமிக்குச் சாத்தின பட்டுத் துணியை எடுத்து அவன் தலையில பரிவட்டம் கட்டினாங்க. முதல் மரியாதை! பண்ணையாரு வீட்டுக்கு அப்புறம்தான் மத்தவன்னு இருந்த காலத்துல, ஒரு காவக்காரன் மகனுக்கு! அன்னையிலேருந்து வருஷா வருஷம் அவருக்குத்தான் கட்டுறாங்க. இப்ப அவருக்கு எழுபது தாண்டிருச்சு.

இந்தக் கொள்ளையைப் படமா எடுத்துட்டாங்க. இருளப்பன்ங்கிற பேரைக்கூட மாத்தலை. உண்மைச் சம்பவம்னு ஊரெல்லாம் போஸ்டர். தவசியாண்டிக்குத் தலைகால் புரியலை. மகள், மருமகன், பேத்தி எல்லாரையும் வேன் பிடிச்சு டவுன் தியேட்டருக்குக் கூட்டிட்டுப் போறாரு. ஊருக்காரங்களும் வந்திருக்காங்க. இடைவேளை வரைக்கும் பக்கத்து சீட்டுக்காரன் தோளைத் தட்டித் தட்டி, "அந்தா நிக்குதே... அது எங்க அப்பா"ன்னு காட்டுறாரு.

இடைவேளைக்கு அப்புறம்... அந்த அப்பா என்ன பண்றாரு தெரியுமா? திருடன்கூட பங்கு பேசுறாரு. தன் கையாலயே சாவியை எடுத்துக் குடுக்குறாரு. அப்புறம் பங்குச் சண்டையில வெட்டுப்பட்டுச் சாகுறாரு. தியேட்டர்ல கைதட்டுறான்யா! எதிர்பாராத திருப்பமாம்... திருப்பம்!

தவசியாண்டி யாரு மூஞ்சியையும் பாக்காம வெளியில வர்றாரு. அங்க ஒருத்தன் மைக்கை நீட்டிக்கிட்டு நிக்குறான், படம் எப்படின்னு. அந்த ஊருக்காரங்கதான் வரிசையில நின்னு கருத்து சொல்றாங்க. ஒருத்தர் சொல்றாரு, போலீஸோட அரைக்கால் டவுசரும் நீட்டுக் குல்லாவும் அப்படியே அந்தக் காலமாம். இன்னொருத்தர், பஸ் ஓட்டி ரிட்டயர் ஆனவரு, முன்பக்கம் மூக்கு நீட்டிக்கிட்டு இருக்கிற பஸ்ஸைக் காட்டினதைப் பாத்துட்டு மெய்சிலிர்த்துப் போயிட்டாராம். மூணாவதா ஒருத்தன் வந்தான் பாருங்க... "இவ்வளவு ஆராய்ச்சி பண்ணி எடுத்தவங்க சார், ஆளைப் பத்தி மட்டும் பொய்யா காட்டுவாங்க?"

அடப் பாவிகளா! டவுசர் சரியா இருந்தா கொலையும் சரியா இருக்கணுமா? டவுசரைத் தையக்கடையில குடுத்தா தைச்சுக் குடுத்துருவான். நடந்ததை எந்தக் கடையிலய்யா தைச்சு வாங்குறது? சொல்லுங்க... எந்தக் கடையில?

கேளுங்க, இன்னும் முடியலை. திருவிழா வருது. ஊர்க்கூட்டம் போடுறாங்க. கமிட்டித் தலைவர் குணசீலன், தவசியாண்டியைப் பெரியப்பான்னு கூப்பிடுற பய, மெதுவா ஆரம்பிக்கிறான். "தப்பா எடுத்துக்காதீங்க பெரியப்பா. படத்தை ஊரு உலகமே பாத்துருச்சு. இந்த வருஷமும் உங்களுக்கே கட்டினா, நாலு பேரு காறித் துப்புவான்."

தவசியாண்டி சத்தம் போடலை. நானா இருந்தா துண்டை உதறிட்டுச் சண்டைக்குப் போயிருப்பேன். அவரு எந்திரிச்சு நின்னு ஒண்ணே ஒண்ணுதான் சொன்னாரு.

"ஏப்பா குணசீலா... எனக்கு முதமுதல்ல கட்டிவிட்டது உங்க தாத்தாதான். அவரு எங்கப்பன் பொணத்தைப் பாத்தவரு. நீ படத்தைப் பாத்தவன்."

கூட்டத்துல எல்லாரும் தலையைக் குனிஞ்சுக்கிட்டாங்க. சரி, புத்தி வந்துருச்சுன்னுதானே நினைக்கிறீங்க? நானும் அப்படித்தான் நினைச்சேன். திருவிழா அன்னிக்கு அந்தப் பரிவட்டத்தை யாரு தலையில கட்டினாங்க தெரியுமா? அந்தப் பட டைரக்டர் தலையில! சிறப்பு விருந்தினராம்... மேளதாளத்தோட கூட்டிட்டு வந்து கட்டினாங்க. தவசியாண்டி கூட்டத்தோட கூட்டமா நின்னு சாமியைக் கும்பிட்டுட்டு வீட்டுக்குப் போயிட்டாரு.

வயிறு எரியுதா இல்லையா உங்களுக்கு?

அந்த டைரக்டரை விடுங்க. அவரையும் கேக்கணும், நேர்ல பாத்தா கேக்கத்தான் போறேன். ஆனா அவரு வெளியூரு. இவங்க யாரு? இவங்க அந்த ஊருக்காரங்கய்யா! வருஷா வருஷம் அந்த வீட்டுக்கு எதுக்காக மரியாதை செய்யுறோம்னு தெரிஞ்சவங்க. சொந்த அப்பன் பாட்டன் கண்ணால பாத்துச் சொன்னதை, ஒரு டிக்கெட் வாங்கி மூணு மணி நேரத்துல மறந்துட்டாங்க. இதைத்தான் என்னால பொறுத்துக்க முடியலை.

உங்களுக்கும் சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. நாளைக்குத் தியேட்டர் வாசல்ல உங்க மூஞ்சிக்கு நேராவும் ஒரு மைக் நீளும். நடிப்பு பிடிச்சுதா, சொல்லுங்க. சண்டை பிடிச்சுதா, விசிலே அடிங்க. ஆனா, நடந்ததை நடந்தபடி எடுத்திருக்காங்கன்னு மட்டும், தெரியாம சொல்லாதீங்க. தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லிட்டு வாங்க, குடி முழுகிடாது. நீங்க சொல்லிட்டு வீட்டுக்குப் போயி சாப்பிட்டுத் தூங்கிருவீங்க... செத்துப் போனவன் எந்திரிச்சு வந்து, அதே மைக்கைப் பிடிச்சு, "நான் சாவியைக் குடுக்கலைய்யா"ன்னு சொல்ல முடியாது.